தலைப்பாகை நனையவில்லை

ஆடி 9, திங்கள்

காலையிலிருந்து மழை. விடுகிறது, பிடிக்கிறது. ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துப் பிடிக்கிறது.

செய்யவேண்டியவை: சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய். கால்சட்டைக் கிளிப் ஒரு ஜோடி (பழையதில் ஒன்று தொலைந்தது, வலதுகால் துணி சங்கிலியில் மாட்டி நார்நாராகிவிட்டது). ஜன்னல் கொக்கி. அரிசிப் பானை. அடுப்புக்கரி வைக்க ஒரு தகரப் பெட்டி.

மாமனாரிடமிருந்து கார்டு. ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து வி.யை அழைத்துவந்து குடித்தனம் வைத்துவிட்டுப் போகிறாராம். கடைசி வரி: "கல்கத்தாவில் நம்மவர் சிலர் கிராப்பு வைத்துக்கொண்டு விட்டதாகக் கேள்வி. தங்களைப் பற்றி எனக்கு அந்தப் பயம் கிடையாது." பயம் இல்லாதவர் அதைக் கார்டு போட்டுச் சொல்வானேன்.

வி. என் மனைவி. பெயரை முழுதாக எழுதக் கூச்சமாக இருக்கிறது. கல்யாணம் ஆகி மூன்று வருஷம். மாமியார் பாரிசவாயுவில் படுத்ததால் அவள் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. இப்போது பத்தொன்பது வயது. சேர்ந்தாற்போல் அரைமணி பேசியது கிடையாது. பேசிய கொஞ்சத்தில் அவள்தான் அதிகம் சிரித்தாள். என்னைப் பார்த்தா, வேறெதற்கா, தெரியவில்லை.

நாணா ஆவணிக்குள் இந்த இடத்தைக் காலி பண்ணிவிட்டுப் பழைய மெஸ்ஸுக்கே போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஐந்து வருஷமாக அறைக்கூட்டாளி. டிராமைத் தவிர எதிலும் ஏறமாட்டான். "பவானிப்பூர்லேந்து டல்ஹௌசிக்கு டிராம் போறதுடா. அது போதாதுன்னு இரும்பு மேல உக்காந்துண்டு மிதிக்கணுமா?" டிராமில் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கிறது. அது நிற்கிறது, மாடு குறுக்கே வருகிறது, மறுபடி நிற்கிறது. சைக்கிளில் சௌரங்கியில் டிராமைத் தாண்டிப் போகும்போது ஜன்னலோரம் நாணாவின் முகம் தெரியும். அதற்காகவே மிதிக்கலாம்.

ஆடி 12, வியாழன்

எழுத்து கோணல். இடது மணிக்கட்டில் பலகை வைத்துக் கட்டியிருக்கிறது. தாளைப் பிடிக்கக் கையில்லாமல் நோட்டின்மேல் உழக்கை வைத்து எழுதுகிறேன்.

செவ்வாய் சாயங்காலம் விழுந்தேன்.

ஆபீசிலிருந்து கிளம்பும்போது தூறல். மைதானத்தருகே வருவதற்குள் கொட்டுகிறது. தலையில் கல்யாணத் தலைப்பாகை. மதுரையில் வாங்கியது, சரிகைக் கரை, மாமனார் தன் கையால் கட்டிவிட்டது. அன்று பெரிய துரை எங்கள் பகுதியைப் பார்வையிட வந்ததால் அதைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மரத்தடியில் நிறுத்தி, அவிழ்த்து, மடித்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். அப்படியே வெறுந்தலையோடு மிதித்தேன். குடுமியிலிருந்து தண்ணீர் முதுகில் ஓடிற்று. நன்றாகத்தான் இருந்தது. பாடிக்கொண்டே வந்தேன்.

தர்மதலா முனையில் பின்னால் டிராம் மணி. ஒதுங்கினேன். தண்டவாளத்தை நேர் குறுக்காகத் தாண்டவேண்டும், சாய்வாகத் தாண்டக்கூடாது. சைக்கிள் ஓட்டுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது தெரிந்தது. அதற்குமேல் தெரியாது.

விழித்தபோது கார்பாலிக் நெடி. கண்ணாடி போட்ட வங்காளி டாக்டர், என்னைவிடச் சின்னவர். இங்கிலீஷில் கேட்டார்: "மாத்ராஜி பாபு, அந்த மூட்டையில் அப்படி என்ன இருக்கிறது? கம்பியிலிருந்து பிய்ந்து வந்ததை நினைவில்லாமலே இறுகப் பிடித்திருந்தீர்களாமே."

பிரித்துப் பார்த்தார்கள். தலைப்பாகை. ஒரு சொட்டு ஈரமில்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். தலையில் எட்டுத் தையல் போட்ட கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சிரித்ததில் தப்பு எதுவும் இல்லை.

அப்புறம்தான் கை பின்னால் போயிற்று. குடுமி இல்லை.

காயம் குடுமியின் அடியில். வெட்டாமல் தைக்க முடியாது என்றார்கள். மூர்ச்சையாகிக் கிடந்தவனிடம் யார் அனுமதி கேட்பது? ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் அறுத்த வயல். நேற்று நாணா ஒரு நாவிதனைக் கூட்டிவந்து மிச்சத்தைச் சமன் செய்ய வைத்தான். இப்போது பார்த்தால் சுத்தமான கிராப்பு.

மாமனாரின் கார்டு தலையணைக்கடியில்.

ஆடி 15, ஞாயிறு

வலிக்கிற இடங்கள்: பின்தலை, இடது மணிக்கட்டு, வலது முழங்கால் (தோல் போய்விட்டது), இரண்டு உள்ளங்கை, மோவாய். தும்மினால் எல்லாம் சேர்ந்து.

சும்மா படுத்திருக்க எனக்குத் தெரியாது. ஜன்னல் கொக்கியை ஒற்றைக் கையால் மாட்டினேன். மறுபடி கழற்றினேன். தெருவில் ஹில்ஸா மீன் விற்கிறவனின் கூவல். நாணா குளித்துவிட்டு வந்து மறுபடி குளித்தான்.

நேற்று டாக்டரிடம். தையல் காய்கிறதாம். இரண்டு மாதம் தலைப்பாகை கட்டக்கூடாது, இறுக்கினால் காயம் வாய் திறக்கும். காயத்தில் படாமல் காற்றோட்டமாக உட்காருகிற, துரைமார் போடுகிற சோலா தொப்பி போடலாமாம். "சைக்கிளை விற்கப் போகிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் தொப்பி கட்டாயம். கைக்குத் தோல் உறையும் போடுங்கள். அடுத்த தரம் வெறுந்தலையோடு விழுந்தால் இங்கே கொண்டுவர வேண்டாம், நேராக நிம்தலா மயானம்."

இந்த மழைக்காலத்தில் டிராம் தண்டவாளம் அவருக்கு அனுப்பிவைத்தவர்களைச் சொன்னார். தபால்காரர் ஒருவர், முன்பல் போயிற்று. காலேஜ் மாணவன், காறையெலும்பு. ஒரு சணல் தரகர் தொப்பியோடு விழுந்தாராம். தொப்பி இரண்டாகப் பிளந்தது. மனுஷர் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, தொப்பிக் கடை எங்கே என்று விசாரித்தாராம்.

திரும்பி வந்து நாணாவிடம் சொன்னேன்.

"தொப்பியப் போட்டுண்டு ஹவுராவுக்குப் போய் மாமனாரை அழைச்சுண்டு வரப்போறியா?"

"டாக்டர் சொல்றார்டா."

"மாமா கேப்பாரே, மாப்பிள்ளை, சர்ச்சுலேந்து நேரா வரேளான்னு."

சிரிக்க முடியவில்லை. மோவாய் வலி.

விஷயம் இதுதான். எழுதிவிட்டால் வி. வரமாட்டாள், மாமா அனுப்பமாட்டார். எழுதாவிட்டால் வந்து, பார்த்து, அவரோடேயே திரும்பிப் போவாள். காகிதம் எடுத்து "தேவரீர் மாமா அவர்களுக்கு" வரைக்கும் எழுதினேன். கிழித்தேன். இன்னொன்று எடுத்தேன். அதையும்.

ஆடி 20, வெள்ளி

ஆபீஸ். டிராமில் போனேன். நாணா பக்கத்தில் உட்கார்ந்து பரமதிருப்தியாக வெற்றிலை போட்டான்.

வெறுந்தலையோடு துரை அறைக்குள் போவது மரியாதைக் குறைவு. தலைப்பாகை கட்டினால் காயம் திறக்கும். வாசலிலேயே காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பகுதித் தலைமைக் குமாஸ்தாவைப் பெரிய பாபு என்போம். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன மாத்ராஜி, கிறிஸ்தவனாகிவிட்டாயா? என்னிடம்கூடச் சொல்லவில்லையே." காயத்தைக் காட்டினேன். "ஐயையோ" என்று காகிதத்தைத் தானே வாங்கி உள்ளே கொண்டுபோனார். நல்ல மனுஷர். ஆனால் மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்க நான் கிறிஸ்தவன்.

சாயங்காலம் சாந்தனி பஜாரில் தொப்பி வாங்கினேன். கடைக்காரன் விரலால் தட்டிக் காட்டினான், டொக் டொக். உள்ளே குளத்துத் தக்கை. இந்த ஊர்க் கல்யாண மாப்பிள்ளை வைத்துக்கொள்கிற வெள்ளைக் கிரீடமும் இதே தக்கைதானாம். அப்பளக்கட்டு கனம்கூட இல்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. காயத்தில் படவே இல்லை. நாணாவின் காலடி கேட்டதும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

ஆடி 24, செவ்வாய்

சைக்கிள் திரும்பி வந்தது. சைக்கிள் கடைக்காரன் முன்சக்கரக் கவையை நிமிர்த்தியிருக்கிறான். மணி ஒலிக்கிறது, கொஞ்சம் ஜலதோஷக் குரலில்.

காலையில் நாணா பூஜையில் இருக்கும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சந்தில் ஓட்டினேன். மணிக்கட்டு கெஞ்சிற்று, பரவாயில்லை. எதிர்வீட்டு போஸ் பாபு பல் துலக்கியபடி, "ஆஹா, ஷாஹெப்!" என்றார். சந்து முடிந்து பெரிய தெரு. தண்டவாளம் மழையில் மின்னிற்று.

தாண்டவில்லை.

இறங்கித் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.  எதிரே டிராமே இல்லை, மாடுகூட இல்லை. கிழவிகள் மூட்டையோடு தாண்டுகிற இடம். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. திரும்பி வரும்போதும் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

மத்தியானம் முழுக்க ஆபீசில் கூட்டல் தப்பு.

ஆடி 28, சனி

நாணாவுக்கு ஒரு யோசனை. யோசனை வந்தால் அவனுக்குக் காது சிவக்கும்.

"சவுரி."

"என்னது?"

"பொம்மனாட்டிகள் பின்னலுக்கு வெச்சுக்கறாளே, அது. சித்பூர்ல நாடகக்காராளுக்குன்னே கடை இருக்கு. குடுமி, ஜடை, தாடி, என்ன வேணும்னாலும் விக்கறான்."

போனோம். ராவணன் தலைகள் நடுவே கடைக்காரன். எந்த வேஷத்துக்கு என்று கேட்டான். நாணா, ரிஷி வேஷம் என்றான். நரை வேண்டுமா? வேண்டாம், இளம் ரிஷி.

என் தலையில் கட்ட முடி ஏது? அதனால் தலைப்பாகையின் பின்மடிப்பில் உட்பக்கமாக வைத்து நாணாவே தைத்தான். கீழே கொஞ்சம் முடிச்சுத் தெரிகிற மாதிரி. தளர்வாகக் கட்டினால் காயத்தை அவ்வளவாக அழுத்தாது. பின்னாலிருந்து பார்த்துவிட்டுக் கைகூப்பினான். "அசல் வைதிகர்டா. உங்காத்து சிராத்தத்துக்கு உன்னையே கூப்பிடலாம்."

மாமா வந்து மூன்று நாளில் ஊர் திரும்பிவிடுவார். வீட்டுக்குள் தலைவலி என்று துண்டைச் சுற்றிக்கொண்டுவிடலாம். வி.யிடம்? அவர் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம். புதுசாக வருகிறவளிடம் முதல் நாளே பொய். எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் தோன்றவில்லை.

ஆவணி 3, வெள்ளி

நேற்று மெட்ராசில் மெயில் ஏறிவிட்டதாகத் தந்தி. ஞாயிறு காலை ஹவுரா.

அறையைக் கழுவினேன். கோலப்பொடி, விளக்குத்திரி, குங்குமம் வாங்கினேன். புளி கிடைத்தது, நல்ல புளி இல்லை. கண்ணாடியை ஆணியில் மாட்டினேன், சாய்ந்தது, மாட்டினேன். நாணா தன் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டான். போகும்போது, "நமஸ்காரம் பண்றேன்னு சொல்லு, அந்த மாமாவுக்கு" என்றான்.

உட்கார முடியவில்லை. மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். படிக்கடியில் சைக்கிள்.

ஆவணி 5, ஞாயிறு

எல்லாம் போயிற்று. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஹவுராவில் மெயில் தாமதமாக வந்தது. மாமா இறங்கினார். விபூதி, குடை, கூஜா. இரண்டு நாள் பிரயாணத்தில் குடுமி ஒரு மயிர் கலையவில்லை. பின்னால் வி., கூடையோடு. வளர்ந்திருக்கிறாள். என்னை நேராகப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கூடையைப் பார்த்தாள்.

தலைப்பாகையில் மாமாவின் கண் நின்றது. தான் கொடுத்தது என்று தெரிந்து முகம் மலர்ந்தது. "என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா?"

இங்கேதான் புத்தி கெட்டது. சவுரி, தையல், தளர்வு எல்லாம் யோசித்த எங்கள் இருவருக்கும் நமஸ்காரம் என்று ஒன்று இருப்பது தோன்றவில்லை. பெரியவர் எதிரில் வந்தால் என் முழங்கால் என்னைக் கேட்பதில்லை.

"பிளாட்பாரத்துல வேண்டாம், ஆத்துக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார் மாமா. அதற்குள் நெற்றி தரையில் பட்டுவிட்டது. தலைப்பாகை கழன்று உருண்டது. மாமாவின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதிலிருந்து குடுமி நீட்டிக்கொண்டிருந்தது, எலிவால் மாதிரி. ஒரு கூலி, "ஆரே பாபா!" என்று தலைச்சுமையைத் தவறவிட்டான்.

எழுந்தேன். கிராப்பு, தழும்பு, எல்லாம் வெட்டவெளிச்சம்.

"இது என்ன?" என்றார்.

"சைக்கிள்லேந்து விழுந்துட்டேன், மாமா. ஆஸ்பத்திரியில..."

"நான் தலையைக் கேக்கலை. இதைக் கேக்கறேன்." குடை நுனியால் சவுரியைக் காட்டினார்.

"சித்பூர்ல வாங்கினது. நாடகக்காராளுக்கு விக்கற கடை."

"சிவ சிவா."

வி. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிற்று. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. அவள்தான் குனிந்து தலைப்பாகையை எடுத்துத் தட்டிக் கூடையில் வைத்தாள், சவுரியோடு.

குதிரை வண்டியில் பாலத்தைத் தாண்டினோம். கப்பல், படகு, கங்கை, எதையும் மாமா பார்க்கவில்லை. கங்கையைக்கூட.

வீட்டுக்கு வந்ததும் வி. அரிசி எடுக்க உள்ளே போனாள். ஒரு கையில் படியும் மறு கையில் தொப்பியுமாக வந்தாள். "இது யாரோடது?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"முடி போனது ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு கார்டு எழுதியிருக்கலாம். நாடகக் குடுமியும், பானைக்குப் பின்னாடி தொப்பியும். இந்த ஆத்துல இன்னும் என்னெல்லாம் எதுக்குப் பின்னாடி இருக்கோ? விசாலத்தை நான் திரும்ப அழைச்சுண்டு போறேன். முடி வளர்ந்தப்புறம் எழுதுங்கோ. அப்போ பாத்துக்கலாம்."

நாளைக்கு அஷ்டமி. நாளன்னிக்குச் செவ்வாய், பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பக்கூடாது. புதன் மெயிலாம்.

ஆவணி 6, திங்கள்

அரைநாள் லீவு போட்டேன். பிரயோஜனம் இல்லை. ஒரு அறையில் மாமா ஜபம். மற்றதில் வி. சமையல். நான் படியில்.

ரசம் நன்றாக இருந்தது. சொல்ல வாயெடுத்தேன், மாமா இருந்தார், சொல்லவில்லை.

சாப்பிட்டு மாமா கண்ணயர்ந்தபோது வி. கீழே வந்தாள். படிக்கடியில் சைக்கிளைப் பார்த்தபடி நின்றாள்.

"இதுலேந்தா விழுந்தேள்?"

"ஆமாம்."

"எப்படி?"

டிராம், மழை, தண்டவாளம், எண்ணெய்த் துணி எல்லாம் சொன்னேன். இந்தத் தரம் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தலைப்பாகை நனையக் கூடாதுன்னு?"

"ஆமாம்."

"அப்பா குடுத்ததுங்கறதுக்காகவா?"

"ஆமாம்."

என் தலையைப் பார்த்தாள். திரும்பச் சொன்னாள், குனிந்து காட்டினேன். விரலால் தழும்பின் ஓரத்தைத் தொட்டாள். உடம்பெல்லாம் கூசிற்று. பிறகு மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். மாடியில் மாமா இருமினார். மேலே ஓடிவிட்டாள்.

முட்டாள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும், நினைக்காமல் என்ன செய்வாள்.

ஆவணி 7, செவ்வாய்

மழை. ஆபீசில் பெரிய பாபு, "புது எஜமானி எப்படி?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். நாளைக்குப் போகிறாள் என்பதை மறைத்துவிட்டேன்.

நாணா டிராமில், "நான் வந்து மாமாகிட்ட பேசட்டுமா? சவுரி என் யோசனைதானே" என்றான். வேண்டாமென்றேன். அவன் பேசினால் இன்றைக்கே கிளம்பிவிடுவார். பாவம், முகம் தொங்கிவிட்டது.

வீட்டில் வி.யின் பெட்டி கயிறு போட்டுக் கட்டி வாசலில் இருந்தது. மாமாவே கட்டியிருக்கிறார், ஊர் முடிச்சு. பிரித்துச் சாமான் வைத்து முழுசாக மூன்று நாள் ஆகவில்லை. கோலப்பொடி டப்பாவை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அடுப்பங்கரையில் இருக்கிறது.

அவள் போகவேண்டாம். அதை எழுதிவிட்டேன். நேரில் சொல்ல வராது.

ஆவணி 8, புதன்

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

வண்டி சொல்லப் புறப்பட்டேன். மாமா உத்தரீயத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். வி. அடுப்பங்கரை வாசற்படியில். தொப்பி அவள் கையில்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"வண்டியில கேளு."

"இல்லை, இங்கேயே. இவர் ஏன் வெறுந்தலையோட வந்தார் தெரியுமா? நீங்க குடுத்த தலைப்பாகை நனையப்படாதுன்னு. அதைச் சுருட்டிக் கட்டிண்டு மழையில வந்திருக்கார்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அதுக்காகப் பொய் சொல்றதா?"

"பொய் சொன்னது தப்புதான். நானே அதைக் கேட்டுக்கறேன், நீங்க விடுங்கோ. நான் கேக்கறது வேற." குரல் உடையவில்லை. கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். "அத்தையை உக்காத்தி வெச்சுச் சிரைச்சாளே, அன்னிக்கு நான் கதவிடுக்குல பாத்துண்டிருந்தேன். நீங்க கொல்லையில நின்னுண்டு அழுதேள். அதையும் பாத்தேன்."

மாமாவின் கடைசித் தங்கையை, சின்ன வயதிலேயே விதவையானவரை, சொல்கிறாள். நான் அந்த அம்மாளைக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். முக்காடு, ஓர் ஓரம்.

"அன்னிக்கு டிராம்ல அடிபட்டு இவர் போயிருந்தா, நீங்க என்னை அழைச்சுண்டு கல்கத்தாவுக்கு வந்திருக்க மாட்டேள். ஊர்லயே நாவிதனைக் கூப்பிட்டிருப்பேள். இவருக்கு முடிதானே போச்சு? வளர்ந்துடும். என் முடி போயிருந்தா வளர விட்டிருப்பேளா?"

 கீழே போஸ் பாபு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் தலைப்பாகையை நினைத்தேன், குடுமியை நினைத்தேன், மாமாவை நினைத்தேன், ஆபீஸ் சிரிப்பதை நினைத்தேன். விழுந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு தரம்கூட எனக்கு அது தோன்றவில்லை. ஒரு தரம்கூட. என் மண்டை உடைந்தால் என் மண்டை என்றுதான் இருந்தேன்.

அவள் நேரே என்னிடம் வந்து தொப்பியை நீட்டினாள்.  "சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு நான் சொல்லலை. இதைப் பானைக்குப் பின்னாடி வெச்சா யாரைக் காப்பாத்தும்?"

வாங்கிக்கொண்டேன். மாமா எதிரில் தலையில் வைத்துக்கொண்டேன்.

மாமா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். உத்தரீயத்தால் முகத்தைத் துடைத்தார்.  பிறகு, "அவளுக்கு அப்போ பதினாறு" என்றார். எங்களிடமில்லை.

நான் தாங்காமல் இங்கே வந்து உட்கார்ந்தேன். உள்ளே சத்தம். எட்டிப் பார்த்தேன். மாமா குனிந்து பெட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. விசாலம் ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறாள். வரவில்லை. "மாப்பிள்ளை, கத்தி ஒண்ணு கொண்டாங்கோ" என்கிறார். போகவேண்டும்.